நாஞ்சில் நாட்டு ரேந்தைப் பின்னல்: நூலால் விடுதலை பெற்ற பெண்டிர் வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அண்மையிலுள்ள சிதறால் மலைக்கு யாத்திரை செல்வோர், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டு வணங்கித் திரும்புவர். திருச்சாரணத்துமலை எனப் பழங்காலத்தில் வழங்கிய அம்மலையில் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது அது. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியரான குணந்தாங்கிக் குரத்திகள், அம்மலையிலுள்ள படாரியார்க்குப் பொன்னணிகள் அளித்த செய்தியை அது கூறுகிறது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் கற்றவராகவும், குருவின் பெயரோடு தன் பெயரையும் கல்லில் பொறிக்கும் தகுதியுடையவராகவும் அந்நாட்டில் வாழ்ந்தார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே நிலப்பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பெண்டிர் நிலை எவ்வாறு இருந்தது என்பதை நோக்கினால் நெஞ்சம் கனக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாடும் அதனை அடுத்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளும் திருவிதாங்கூர் அரசின் தென்கோடியாக இருந்தன. உழைக்கும் சாதிகளைச் சேர்ந்த பெண்கள் இடைக்கு மேல் ஆடை அணிதல் ஆகாது. பொன்னணி பூணல் ஆகாது. குடை பிடித்தலும் செருப்பணிதலும் ஆகா. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் தடை இருந்தது. ஊதியமற்ற ஊழியமும் தலைவரியும் குடும்பங்களை நசுக்கின. இவற்றிற்கும் கீழே அடிமை நிலை ஒன்று இருந்தது. 1836 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு திருவிதாங்கூரில் 1,64,864 பேரை அடிமைகள் என்றே பதிவு செய்தது. நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் அவர்கள் விற்கப்பட்டனர், ஒற்றிக்கும் வைக்கப்பட்டனர்.

இந்தச் சூழலில் ரேந்தைப் பின்னல் என்னும் ஒரு கைத்தொழில் நாகர்கோவிலில் நுழைந்தது.

1818 முதல் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பணியாற்றி வந்தார். அவருக்குத் துணையாகச் சார்லஸ் மால்ட், அவர்தம் மனைவி மார்த்தா மால்ட் ஆகியோர் 1819 ஆம் ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்தனர். மீட்டின் மனைவி ஜொஹன்னாவும் மார்த்தாவும் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்கென ஓர் உறைவிடப் பள்ளியை நடத்தத் தொடங்கினர். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அனுப்பிய பெற்றோர் மிகச் சிலர். வந்த பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் பள்ளியே அளிக்க வேண்டியிருந்தது. சங்கம் அனுப்பும் பணம் இதற்குப் போதவில்லை. இங்கிலாந்தில் தான் கற்றிருந்த ரேந்தைப் பின்னலை மார்த்தா மால்ட் அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். எழுத்தும் கணக்கும் பின்னலும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. பின்னலை விற்று வந்த பணத்தால் பள்ளி நிலைத்தது.

'ரேந்தை' என்னும் சொல்லைப் பற்றி இங்கு ஒன்று கூறல் தகும். இது ஆங்கிலச் சொல்லன்று; போர்ச்சுகீசியரின் 'ரெண்டா' தமிழில் அவ்வாறு திரிந்தது. சன்னல், அலமாரி, சாவி, மேசை ஆகிய சொற்கள் வந்த அதே கப்பலில் வந்தது எனலாம். இலங்கையின் காலி நகரில் இன்றும் பின்னப்படும் 'பீரலு' ரேந்தையும் அந்தப் போர்ச்சுகீசிய வழியிலேயே வந்தது. ஆகவே கடற்கரை நாட்டுக்கு இப்பொருள் முற்றிலும் புதியதன்று. பெண்களுக்கெனப் பள்ளி அமைத்து, எழுத்தோடு சேர்த்து இதனைத் தொழிலாகக் கற்பித்ததே நாகர்கோவிலில் புதிதாக நிகழ்ந்தது.

ரேந்தைப் பின்னலைத் தையல் என எண்ணுவோர் பலர். இவ்வகைப் பின்னலில் ஊசியும் இல்லை, துணியும் இல்லை. கெட்டியாக அடைத்த தலையணை ஒன்றை மடியிலோ தாங்கியிலோ வைத்துக்கொள்வர். வடிவம் வரைந்து துளையிட்ட தாளை அதன்மேல் பதிப்பர். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இணை இணையாகத் தொங்கும். எளிய கரைக்குச் சில இணைகள் போதும். அகன்ற பூவேலைக்குப் பற்பல இணைகள் வேண்டும். ஒரு கட்டையின் மேல் மற்றொன்றைக் கடத்துதல், ஒன்றோடொன்று முறுக்குதல் என்னும் இரண்டே அசைவுகள்தாம் அடிப்படை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் பிறகு தாளின் துளையில் ஒரு குண்டூசி குத்தப்படும். அடுத்த சேர்க்கை அக்குண்டூசியைப் பற்றி நிற்கும். வேலை முன்னேற முன்னேறப் பின்னாலுள்ள குண்டூசிகளைப் பிடுங்கி முன்னால் குத்துவர். அப்போது நூல் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு, எத்தாங்குதலும் இன்றி வலைபோல் நிற்கும். விரலகலக் கரை ஒரு முழம் வளர்வதற்கே பல நாள் ஆகும். இடையில் ஓர் இணை தவறினால் அதுவரை செய்ததை அவிழ்த்தாக வேண்டும். கை வியர்வை வெண்ணூலில் படியலாகாது. நாஞ்சில் நாட்டுக் கோடையில் இது எளிய நிபந்தனையன்று.

இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களிலிருந்த பின்னல் பள்ளிகளில் குழந்தைகள் குண்டூசிகளை எண்ணுவதற்குப் பாட்டுப் பாடியே வேலை செய்தனர் என்பது அந்நாட்டு வரலாறு. அங்கும் ஏழைக் குடும்பத்துச் சிறுமியரே இத்தொழிலில் இருந்தனர். ஆனால் நாகர்கோவிலில் இது தொடங்கிய வேளையில் அங்கு இத்தொழில் சரியத் தொடங்கியிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் வலைப்பின்னல் இயந்திரத்திற்கு 1809 வாக்கில் காப்புரிமை பெற்றார். 1816 இல் அவருடைய லஃப்பரோ ஆலையை லுடைட்டுகள் எனப்பட்ட இயந்திர எதிர்ப்பாளர் அடித்து நொறுக்கினர். அவர் தெற்கே டெவன் நாட்டு டிவர்ட்டனுக்கு ஆலையை மாற்றிக்கொண்டார். கையால் பின்னிய ரேந்தை அதன்பின் செல்வர் மட்டும் விரும்பும் அரும்பொருளாயிற்று. 1840 இல் விக்டோரியா அரசி தம் திருமணத்திற்கு ஹோனிட்டன் கைப்பின்னலையே தேர்ந்து அணிந்தது நலிந்துவந்த அத்தொழிலுக்கு ஆதரவாக அமைந்தது. இயந்திரத்தால் அங்கு விலை வீழ்ந்த ஒரு கைத்திறன், கூலி மிகக் குறைந்த ஒரு நாட்டில் வேர்கொண்டது என்று பொருளியல் அறிந்தோர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் நாகர்கோவிலில் நிகழ்ந்தது அவ்வளவோடு முடியவில்லை.

பள்ளிக்கு வந்த பிள்ளைகளுள் சிலர் அடிமைகள். எசமானர் விரும்பினால் எந்த நாளும் வந்து பிள்ளையை அழைத்துச் செல்லலாம். கற்ற எழுத்தோ பழகிய கையோ அதனைத் தடுக்க இயலாது. இந்நிலையில், பின்னல் விற்ற பணத்தில் தமக்குரிய பங்கைச் சேர்த்து, அதைக் கொண்டே தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர் அப்பெண்களுள் சிலர் என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. ஒருவர் தம்மைத்தாமே விலைக்கு வாங்குவது என்னும் செயலின் கொடுமையையும் மேன்மையையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டும். அடிமைத்தனம் சட்டப்படி நீங்கும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் 1843 இல் வந்த சட்டம் திருவிதாங்கூரைத் தொடவில்லை. அங்கு முழு விடுதலை அறிவிப்பு 1855 இல்தான் வந்தது. வெண்ணூல் அதற்கு முன்பே அரசாணை செய்யாததைச் செய்திருந்தது. நான்கு தானங்களுள் அபயதானத்தைப் பிறர் அளிக்கப் பெறுவதே உலக வழக்கம். இங்கோ சில சிறுமியர் அதனைத் தமக்குத் தாமே அளித்துக்கொண்டனர்.

அவர்களுடைய பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை. மலைமேல் குணந்தாங்கிக் குரத்திகளுக்கு ஒரு கல் வாய்த்தது; இவர்களுக்குக் கல் வாய்க்கவில்லை.

இனி, இவ்வரலாற்றின் மிகக் கூரிய முரண் ஒன்றைக் கூற வேண்டும். நாஞ்சில் நாட்டு மரபில் ஆடை என்பது பெரும்பாலும் தறியிலிருந்து இறங்கிய துணி. வெட்டித் தைத்த சட்டையன்று. கோட்டாறும் வடசேரியும் நெசவுக்குப் பெயர்பெற்றவை. தைத்த மேலாடையாகிய குப்பாயத்தைச் சிரியன் கிறித்தவப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் அணிந்தனர். மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், மதம் மாறிய பெண்கள் அவ்வகைக் குப்பாயம் அணிய இசைவு தரப்பட்டது. திருமதி மீட்டும் பிறரும் தளர்ந்த சட்டை ஒன்றை வடிவமைத்துத் தைத்துக் கொடுத்தனர். பெண்களே தைக்கவும் கற்றனர். அதோடு தோளின்மேல் ஒரு துணியையும் இட்டபோதுதான் பெரும்பூசல் எழுந்தது. 1820களில் சந்தைகளிலும் சாலைகளிலும் சட்டைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் சிற்றாலயங்களும் எரிக்கப்பட்டன. கௌரி பார்வதிபாய் அரசியின் ஆட்சி முடியும் வேளையில், 1829 ஆம் ஆண்டு வந்த அரசறிக்கை, குப்பாயம் அணியலாம், மேற்சாதிப் பெண்களைப் போல் மேலாடை இடலாகாது என்று தீர்த்தது. பூசல் அடங்கவில்லை. அடிமை விடுதலைக்குப்பின் 1858 இல் அது மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் வற்புறுத்தலுக்குப்பின், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 ஜூலை 26 அன்று புதிய அறிக்கை விடுத்தார். அதன்படி, சாணார் என அன்று அரசுப் பதிவுகள் குறித்த நாடார் குலப் பெண்கள் எச்சமயத்தவராயினும் மார்பை மறைக்கலாம். கிறித்தவப் பெண்களைப் போல் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களின் முறையில் மட்டும் கூடாது.

முரட்டுத் துணி அணியலாம் என்று அரசு இசைவு தந்த அதே ஆண்டுகளில், அதே குலப் பெண்களின் விரல்கள் ஐரோப்பியச் சீமாட்டியரின் கழுத்துப்பட்டைக்கும் கைக்குட்டைக்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்மையில் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தன. தான் செய்ததைத் தான் அணிய இயலாத உழைப்பு உலகெங்கும் உண்டு. ஆயினும் அணியலாகாது என்று ஆணையே எழுதிவைத்த நாடுகள் சிலவே.

ஆடையால் மதிப்பை மீட்கும் முயற்சி மிஷன் வளாகத்துக்குள் மட்டும் நடக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. சாமித்தோப்பில் வைகுண்ட சுவாமிகள் (1809–1851) தம்மைப் பின்பற்றிய ஆடவரைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார்; இன்றும் அவ்வழக்கம் தொடர்கிறது. கட்டக் கூடாது என்றதைக் கட்டுவதும், தைக்கக் கூடாது என்றதைத் தைப்பதும் அந்நாட்டில் ஒரே போராட்டத்தின் இரு முகங்களாக இருந்தன.

மால்ட் தம்பதியர் முப்பத்தைந்து ஆண்டுக்காலம் நாகர்கோவிலில் பணியாற்றி 1850களின் நடுவில் தாயகம் திரும்பினர். மார்த்தா 1870 இல் மறைந்தார். அவர்களுடைய மகள் எலைசா 1822 இல் பிறந்தவர். தாயிடம் கற்ற பின்னலோடும், தமிழரிடையே பிறந்து வளர்ந்ததால் இயல்பாக வாய்த்த தமிழோடும் 1844 இல் அவர் இடையன்குடிக்கு மணமகளாகச் சென்றார். மணமகன், தமிழ் கற்றோர் அனைவரும் அறிந்த இராபர்ட் கால்டுவெல். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் வெளியிட்டார். மனைவி அத்தேரிக்காட்டு ஊரில் பெண்கள் பள்ளியையும் ரேந்தைத் தொழிலையும் வளர்த்தார். ஒப்பிலக்கணம் நூலகங்களில் நிலைத்தது. இடையன்குடிப் பின்னலோ தாயிடமிருந்து மகளுக்கு என நூற்றாண்டுக்கு மேல் கைமாறி வந்தது. பனையேற்றம் ஆண்டில் சில மாதங்களே நடக்கும் ஊரில், எஞ்சிய மாதங்களுக்கு அடுப்பெரிய வைத்தது பெண்களின் தலையணையும் கட்டைகளுமே. கால்டுவெல் பெருமகனாரைப் பற்றி எழுதுவோர் இந்தச் செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுவது வியப்புக்குரியது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பக்கத்திலும் இதனை ஒத்த வரலாறு உண்டு. பெல்ஜியத்தின் ஈப்பர் நகர மடத்தைச் சேர்ந்த மரி லூயிஸ் தெ மெஸ்தர் அம்மையார் 1897 நவம்பரில் முளகுமூடு வந்து சேர்ந்தார். ஈப்பர் ரேந்தைக்குப் புகழ்பெற்ற ஊர். முளகுமூட்டில் அவருக்குக் காத்திருந்தது ஓர் அநாதை இல்லம். அங்கிருந்த பெண் பிள்ளைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்டிருக்கும் கல்வியோடு பின்னலும் பூத்தையலும் கற்பிக்கப்பட்டன. அங்கு தொடங்கிய துறவியர் அமைப்பு பின்னர் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்கும் பரவியது.

ஊர்தோறும் பெண்கள் கூடித் தைக்கும் சங்கங்களும் தோன்றின. தமிழ் விவிலியத்தில் ஏழை விதவையருக்கு ஆடை தைத்துக் கொடுத்தவராகக் கூறப்படும் தொற்காள் என்னும் பெண்ணின் பெயரால் அமைந்தவை அவை. கடலுக்கு அப்பாலும் அவ்வாறே பெண்கள் கூடிக் கைவேலை செய்தனர். இங்கிலாந்தின் சிற்றூர்ப் பெண்கள் தாம் தைத்த பொருள்களைப் பெட்டிகளில் அடைத்து இந்தியாவுக்கு அனுப்புவர். அவற்றை இங்கு ஐரோப்பியரிடையே விற்றுப் பெண்கள் பள்ளிக்குப் பொருள் திரட்டுவர். நாகர்கோவில் சிறுமியர் பின்னியது அங்கே சென்றது. அங்குள்ள பெண்கள் தைத்தது இங்கே வந்தது. ஒருவரையொருவர் கண்டறியாத இரு கூட்டத்துப் பெண்களின் கைகள் ஒரே பள்ளிக்குச் சோறிட்டன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அது ஓய்வு நேரத்து அறம். இங்கே அது வயிற்றுப்பாடு.

இத்தொழிலைப் புகழ்வதோடு நிறுத்திவிடுவது வரலாறு ஆகாது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் ஆந்திரத்து நரசாப்பூர்ப் பின்னல் பெண்களை ஆராய்ந்து 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பெண்டிரே தொழிலைத் தொடங்கினர். பின்னர் அது வணிகர் கைக்குப் போயிற்று. பின்னும் பெண்கள் நாளெல்லாம் வேலை செய்தும் 'வீட்டில் சும்மா இருப்பவர்' என்றே கருதப்பட்டனர். அதனாலேயே கூலி அற்பமாயிற்று என்று அவர் நிறுவினார். அதே கேள்வியை நாகர்கோவிலிலும் கேட்கலாம். வடிவத்தைத் தேர்ந்தவர் யார்? விலையைக் குறித்தவர் யார்? வாங்குவோர் எவர்? இம்மூன்றிலும் பின்னியவளுக்குப் பங்கில்லை. தாளில் இருந்த இலையும் பூவும் ஐரோப்பியத் தோட்டத்தவை; தோவாளையின் பிச்சியும் அரளியும் அல்ல. அடக்கமான இல்லத்தரசியை உருவாக்கும் பயிற்சியாகவே பின்னலை மிஷன் பெண்டிர் கருதினர் என்பதும் மறுக்க இயலாதது. கண் மங்கும் வரை உழைத்தவர்களுக்கு எஞ்சியது சிறிதே.

இக்குற்றச்சாட்டுகள் நியாயமானவை. ஆயினும் 1820களின் நாகர்கோவிலை 1970களின் நரசாப்பூரோடு ஒரே தராசில் இடலாகாது. உழைப்புக்குக் கூலியே இல்லாத ஊழியத்திற்கும், தன் பேரில் கணக்கு வைக்கப்பட்ட சிறு கூலிக்கும் இடையே உள்ள தொலைவு, சிறு கூலிக்கும் பெருங்கூலிக்கும் இடையே உள்ளதைவிடப் பெரியது. கையில் வந்த முதற்பணத்தைக் கொண்டு ஒரு பெண் வாங்கியது தன்னையே என்றால், அதன் வடிவம் எந்த நாட்டுப் பூ என்பது பிற்பட்ட கேள்வி. பின்னலோடு கற்ற எழுத்து அடுத்த தலைமுறையில் ஆசிரியைகளையும், வீடு வீடாகச் சென்று பெண்களுக்குப் படிப்பித்தவர்களையும் தந்தது. கன்னியாகுமரி மாவட்டம் இன்று தமிழகத்திலேயே எழுத்தறிவில் முன்னணியில் நிற்பதற்குக் காரணங்கள் பல. திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். அக்காரணங்களின் வேரில் இந்தத் தலையணைகளும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் ரேந்தை மெல்லப் பின்வாங்கியது. உடைநாகரிகம் மாறியது, இயந்திரப் பின்னல் மலிந்தது. மேசை விரிப்பு, கைக்குட்டை, திருவழிபாட்டுத் துணி ஆகியவற்றில் செய்யும் பூத்தையல் அதன் இடத்தைப் பிடித்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தபோது, பின்னலை அறிந்தவர்களைவிடப் பூத்தையல் அறிந்தவர்களே மிகுதி. பிற்காலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன. 1989 இல் தருமபுரியில் தொடங்கி 1990களின் இறுதியில் மாநிலமெங்கும் பரவிய அக்குழுக்களில் தையல் ஒரு முதன்மைத் தொழில். கூடியிருந்து உழைத்து, கணக்கைத் தாமே எழுதி, சேமிப்பைத் தாமே வைத்துக்கொள்ளும் அம்முறையை மார்த்தாவின் மாணவியர் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். கணக்குப் புத்தகம் தம் கையில் இருப்பதைக் கண்டு மட்டும் வியந்திருப்பார்கள்.

நரசாப்பூர்ப் பின்னல் 2024 இல் புவிசார் குறியீடு பெற்றது. இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த இல்லம் தமிழக அரசால் நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. நாகர்கோவிலில் 1819 இல் தோன்றிய பெண்கள் பள்ளி, பிற்கால மிஷனரி ஒருவரின் பெயர் தாங்கி, டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளியாக இன்றும் நடைபெற்று வருகிறது.